இறங்கும்போது தொடுவது

"ஒங்க வீட்ல என்ன பண்றாங்க?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "ஏறுறாங்க" என்பேன்.

"எதுல ஏறுறாங்க?"

"சுவத்துல."

அவர்கள் கடைச் சுவரை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள். பக்கத்து மேசையில் கண்ணாடி பிரேமை நிமிர்த்திக்கொண்டிருக்கும் குணசேகரன்தான் சும்மா இருக்க மாட்டான். "பெலிக்ஸ் வீட்ல தெனமும் ப்ராப்ளம்ங்க. அந்தம்மா ஒவ்வொண்ணா ஏறித்தான் தீக்குறாங்க" என்பான்.

அவன் சொல்வது பொய்யில்லை. என் மனைவி அழகி ஆடும் ஆட்டத்தில், சுவரில் ஏறுவதற்கு அமைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு வழிக்கும் ப்ராப்ளம் என்றுதான் பெயர். இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான சுவர். அதில் கலர் கலராகப் பிடிகள். கயிறு கிடையாது, கீழே தடித்த மெத்தை. ஒரே நிறப் பிடிகளில் மட்டும் கை வைத்துக் கால் வைத்து மேலே போய், கடைசிப் பிடியை இரண்டு கையாலும் பற்ற வேண்டும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. எத்தனை சுவர் முடித்தாய் என்று பார்ப்பார்கள். அதில் இருவர் சமமாக இருந்தால், யார் குறைவான முயற்சியில் முடித்தார்கள் என்று பார்ப்பார்கள்.

நான் திருச்சியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் மங்கலான எழுத்தைப் படித்து முடிக்கும்வரை பேசாமல் காத்திருக்கிற வேலை. தினமும் கீரனூரிலிருந்து பஸ்ஸில் போகிறேன், பஸ்ஸில் வருகிறேன், கையில் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அழகி எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

அவளை நான் முதலில் பார்த்ததும் ஒரு கண்ணாடியால்தான். வங்கியில் வேலை பார்க்கும் ராஜலட்சுமி மேடம் கடைக்கு வந்து, குனிந்தாலும் தலைகீழாகத் தொங்கினாலும் மூக்கிலிருந்து வழுக்காத கண்ணாடி வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். சனி ஞாயிறுகளில் ஒரு கல்லூரி வளாகத்துச் சுவரில் ஏறச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். கண்ணாடியைச் சரிபார்க்க அங்கே போனபோது, மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு இமைகளிலும் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. எனக்கு வந்த முதல் எண்ணம், இவளுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்பதுதான்.

கோளாறு ஒன்றுமில்லை. வியர்வைக்காகக் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி அது. ஏறுவதற்கு முன்னால் அழகி குனிந்து, கால் வைக்கப்போகும் முதல் பிடியை விரல் நுனியால் தொடுவாள். அந்த விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வாள். பிறகுதான் ஏறுவாள். அவள் அப்பா ஐயனாரின் ஊரில், வயலுக்குப் பின்னால் ஒரு பாறைக் கரடு இருக்கிறது. உச்சியில் கருப்பர். அந்த ஊரில் பாறையில் கால் வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு, பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் யாரும் ஏற மாட்டார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் அப்படித்தான். சாமியை மிதிக்கப்போகிறோமே, அதற்கு. அழகி நடக்கப் பழகியபோதே ஏறப் பழகியவள். அந்தப் பாறை எப்போது பிளாஸ்டிக் பிடியாக மாறியது என்று அவள் கைகளுக்குத் தெரியாது.

"கண்ணுக்குள்ள போனா உறுத்தும் புள்ள" என்று கைக்குட்டையால் துடைத்துவிட்டபடி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"உறுத்துனா ஒங்க கடைக்கு ஒரு ஆளு கெடச்சுச்சுன்னு வச்சுக்கங்க" என்பாள்.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் பேச்சு நின்றிருந்தது. நாங்கள் மாதா கோயில், அவர்கள் கருப்பர் கோயில். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. சரியாக்கியதில் சுவருக்கும் பங்கு உண்டு. சுவர் ஏறுவது ஆசிய விளையாட்டிலும் ஒலிம்பிக்கிலும் சேர்ந்துவிட்ட பிறகு, மாநிலப் போட்டியில் ஜெயித்த அழகியின் படம் பேப்பரில் வந்தது. ஐயனார் மாமா அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் என்னிடம் கேட்டார்:

"மாப்ளே, ஏறுறதுக்கா மெடலு குடுக்குறாங்ய?"

"ஆமாங்க மாமா."

"அப்ப எங்க ஊரு வெள்ளாட்டுக்கெல்லாம் குடுக்கணுமே."

என் அம்மா அன்றுதான் அவரைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தது.

*

ஆசிய விளையாட்டுக்கான பயிற்சி முகாமுக்கு இந்தியா முழுவதிலிருந்தும் ஆறு பெண்களை எடுப்பதாக அறிவித்தார்கள். இரண்டு தேர்வுப் போட்டிகள், இரண்டும் பெங்களூரில். இரண்டிலும் பெற்ற இடங்களைச் சேர்த்துப் பார்த்து ஆறு பேர். முகாமுக்குப் போனால்தான் ஆசிய விளையாட்டைப் பற்றி நினைக்கவே முடியும். அது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவது. அழகிக்கு இருபத்தாறு முடியப்போகிறது. அவள் விரல் மூட்டுகள் இப்போதே மழைக்காலத்தில் வீங்குகின்றன. காலையில் என் அம்மா அவள் விரல்களுக்கு நல்லெண்ணெய் தடவிவிடும். "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அடுத்த தடவை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் போட்டியில் அழகி நன்றாக ஏறினாள். நான் கூட்டத்தில் நின்று போனில் படம் எடுத்தேன். நான்கு சுவரில் மூன்றை முடித்தாள். அவற்றில் இரண்டை ஒரு முறைகூட விழாமல் முடித்தாள். ஆனால் பலகையில் வந்த பட்டியலில் அவள் ஒன்பதாவதாக இருந்தாள். அவளைப் போலவே மூன்று சுவர் முடித்தவர்கள் எல்லோரும் அவளுக்கு மேலே. ஒவ்வொரு சுவரிலும் அவள் முயற்சிகளின் எண்ணிக்கை கூடுதலாகப் பதிவாகியிருந்தது.

"தப்பாப் போட்டுட்டாங்க" என்றாள். "அந்த நடுவரு என்னப் பாக்கவே இல்ல. சரியாப் பாக்காம போட்டுட்டாங்க."

ராஜலட்சுமி மேடம் போய்க் கேட்பதற்குள் முறையீட்டுக்கான நேரம் முடிந்திருந்தது. ரயிலில் அழகி மேல் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் சொல்லக்கூடிய எதுவும் அவளுக்கு உதவாது என்று தோன்றியது.

விடிந்து, ரயில் கரூர் தாண்டியபோது, போனில் எடுத்ததை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அழகி குனிகிறாள். தொடுகிறாள். கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். திரையின் ஓரத்தில் நடுவர் அம்மா, வெளிநாட்டுக்காரர், கையிலிருந்த டேப்லெட்டை ஒரு தட்டுத் தட்டுகிறார். அழகியின் கால் இன்னும் மெத்தையில்தான் இருக்கிறது. பிறகு அவள் ஏறத் தொடங்குகிறாள். அவர் இன்னொரு தட்டுத் தட்டுகிறார்.

அடுத்த சுவர். தொடுகிறாள், தட்டுகிறார். அடுத்ததிலும் அப்படியே.

ஜன்னலுக்கு வெளியே காவிரி கூடவே வந்தது. நான் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு பாலத்தைத் தாண்டும்வரை யோசித்தேன். பிறகு எழுந்து அவள் தோளைத் தொட்டேன்.

"இதக் கொஞ்சம் பாரு."

"காலங்காத்தால என்னங்க." போனை வாங்கிப் பார்த்தாள். "அந்தம்மா எதுக்கு அப்பத் தட்டுறாங்க? நான் இன்னும் ஏறவே இல்லையே."

"தொட்டேல்ல."

"அது ஏறுறதா?"

"தொடங்குற பிடியத் தவிர வேற எதுல கை பட்டாலும் ஒரு முயற்சி போலருக்கு."

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கும்போது போனைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அப்ப நான் கும்பிட்டதத்தான் எண்ணியிருக்காங்க. இல்ல?"



*

ராஜலட்சுமி மேடம் படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த விதியை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "நீ தொட்டுக் கும்பிடுறது எனக்குத் தெரியும்டி. ஆனா அது தொடுறதுன்னு எனக்குத் தோணவே இல்லையே!" என்றார். மாவட்டப் போட்டியில் தோன்றவில்லை, மாநிலப் போட்டியிலும் யாருக்கும் தோன்றவில்லை. அங்கெல்லாம் நடுவர்கள் நம்மவர்கள். அவர்களும் மைதானத்துக்குள் கால் வைக்கும்போது குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள். அந்தக் கை சுவரில் பட்டது அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஆட்டம் உலகத்துக்குப் போன பிறகு, உலகத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்தார். அவர் கண்ணில் பட்டது.

"இனிமே தொடாத. அவ்வளவுதான்" என்றார் மேடம்.

அது அவ்வளவு அல்ல என்று அடுத்த வாரமே தெரிந்தது. நான் மெத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அழகி குனியும்போதெல்லாம் "கை!" என்று கத்துவேன். அவள் கை பாதியில் நிற்கும். ஏறுவாள். இரண்டாவது பிடியில் கால் வழுக்கும். மறுபடி. "கை!" மறுபடி வழுக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் வரை நடந்து பார்த்தாள். பொடிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஏறி முடித்த சுவர்களிலேயே விழுந்தாள்.

"என்ன புள்ள ஆச்சு?"

"காலு கூசுதுங்க. செருப்போட கோயிலுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு. அழுத்தி வைக்க மாட்டேங்குது."

வீட்டில் அம்மா யோசனை சொன்னது. "மனசுக்குள்ள கும்பிட்டுக்க அழகி. பெலிக்ஸப் பாரு, நெத்தியில சிலுவை போட்டுக்குறான். அத யாரு எண்ணுறா?"

"அத்தை, ஒங்க சாமி காத்துலயே இருக்காரு. எங்காளு கல்லுல இருக்காரு. தொட்டாத்தான் அவருக்குத் தெரியும்."

"அவரு ஒங்க ஊரு கல்லுலதானடி இருக்காரு. பெங்களூரு பிளாஸ்டிக்குல எப்படி வந்தாரு?"

"நான் காலு வைக்கிற எடத்துக்கெல்லாம் வாராரு. அதான் பிரச்சனையே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

நான் இதைப் பற்றிப் பல நாள் பஸ்ஸில் யோசித்தேன். புத்தகம் மடியில் ஒரே பக்கத்தில் திறந்து கிடக்கும். முதலில் அது பயம் என்று நினைத்தேன், விழாமல் இருக்க வேண்டிக்கொள்கிறாள் என்று. அப்படி இல்லை. அவள் விழப் பயந்தவள் அல்ல. விழுவது அவளுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. அவள் தொடுவது தனக்காக அல்ல, மிதிபடப்போகிற ஒன்றுக்காக. அந்த ஒரு தொடுதலால் மிதிப்பதற்கு அவளுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. பிறகு அவள் கால் எதையும் நம்பி நிற்கும். அனுமதி இல்லாத இடத்தில் கால் எப்படி நிற்கும்? எனக்கு இது புரிந்தது. புரிந்ததால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது போட்டி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்து காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் போகலங்க."

நான் அவள் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்தேன். யாரோ தூரத்தில் சுவரிலிருந்து விழும் சத்தம் கேட்டது.

"இப்படிப் போயி நாலுலயும் விழுந்து, அத அந்தம்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி… வேண்டாம். மேடத்துக்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

"சரி" என்றேன். ஆனால் மேடம் இருந்த பக்கம் நான் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

*

அன்று மாலை திருச்சியிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் கூட்டம். அழகிக்கு மட்டும் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். மாத்தூர் தாண்டி ஒரு நிறுத்தத்தில் டிரைவர் பிரேக் போட, அழகியின் கால் பக்கத்து இருக்கைக்காரப் பெண் கீழே வைத்திருந்த பையில் பட்டது. பையில் தேங்காயும் பழமும் தெரிந்தன, ஏதோ கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார். அழகி சட்டென்று குனிந்து பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா" என்றார் அந்தப் பெண்.

பஸ் கிளம்பியது. அழகி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஊர்கள் கடந்து போயின. பிறகு என் சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க. நான் எப்பத் தொட்டேன்?"

"எத?"

"அந்தப் பைய. எப்பத் தொட்டேன்?"

"இப்பத்தான்."

"அய்யோ, கடியாரம் பாத்துச் சொல்லச் சொல்லல. கால் படுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் யோசித்தேன். "பட்டதுக்கு அப்புறம்."

"அப்புறம்தானே? பஸ்ஸுல யாரு மேலயாவது கால் பட்டா, பட்டதுக்கப்புறம்தானே கும்பிடுறோம்? யாராவது முன்கூட்டியே, 'கொஞ்சம் இருங்க, ஒங்கள மிதிக்கப்போறேன்'னு தொட்டுக் கும்பிட்டுட்டு மிதிப்பாங்களா?"

பக்கத்து இருக்கைப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். அழகி அவரைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடக்க முடியாமல் பொங்கிக்கொண்டு வந்தது.

"எறங்குங்க. அப்பாவப் பாத்துட்டுப் போவோம்" என்றாள்.

"கீரனூரு இன்னும் வரலையே."

"வந்ததும் எறங்கி, அங்கிட்டுப் போற டவுன் பஸ்ஸப் பிடிப்போம். நான் ஒண்ணு கேக்கணும் அவருகிட்ட."

நாங்கள் போனபோது ஐயனார் மாமா கடலைக் கொல்லை வரப்பில் நின்று ஆடுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கரடு மாலை வெயிலில் செம்பாக இருந்தது. அழகி மூச்சு வாங்கக் கேட்டாள்:

"அப்பா, பாறையில ஏறுறதுக்கு முன்னாடி எதுக்குத் தொடுறோம்?"

"வந்ததும் வராததுமா கேள்வியப் பாரு. உத்தரவு கேக்குறது ஆத்தா. 'கருப்பா, ஏறப்போறேன்'னு."

"கால் படுறதுக்கு மன்னிப்பு இல்லையா?"

"அது எறங்கும்போதுல்ல."

"எறங்கும்போதா?"

"ஏறும்போது ஒரு தடவ, எறங்கி வந்து ஒரு தடவ. ஏறும்போது உத்தரவு. எறங்கும்போது, 'மிதிச்சுப்புட்டேன், மனசுல வச்சுக்காத'ன்னு. ஊரே அப்படித்தானே செய்யிது." மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ எங்க எறங்குன? ஒனக்கு வழி எல்லாம் கெடையாதே. உச்சியிலேர்ந்து அந்தப் பக்கச் சரிவுல குதிச்சு, கொளத்துல விழுந்துல்ல வீட்டுக்கு வருவ. எறங்கும்போது ஒரு நாளாச்சும் தொட்டியா நீ?"

அழகி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இல்லப்பா" என்றாள்.

"அப்ப கருப்பரு கணக்குல நெறையப் பாக்கி இருக்கு ஒனக்கு."

"உத்தரவு கேக்காம ஏறுனா கோவிச்சுக்குவாரா?"

மாமா கரட்டைப் பார்த்தார். ஆடுகள் ஏற்கனவே பாதிப் பாறையில் நின்றிருந்தன. "வெள்ளாடு என்ன உத்தரவு கேட்டா ஏறுது? அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எறங்கி வந்து ஒரு வார்த்த சொல்லாம போனாத்தான் அவருக்குப் பொறுக்காது."

அழகி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாறையைத் தொடாமல், கைகளைக்கூட அசைக்காமல், நேராக ஏறிப் போனாள். உச்சியில் கொஞ்ச நேரம் சின்னதாகத் தெரிந்தாள். எப்போதும் குதிக்கும் சரிவின் பக்கம் போகாமல், ஏறிய வழியிலேயே நிதானமாக இறங்கி வந்தாள். கீழே வந்து திரும்பி, கடைசியாகக் கால் வைத்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

ராஜலட்சுமி மேடம் விதிகளைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, வழுக்காத கண்ணாடி வழியே இரண்டு முறை படித்தார்.

"மேல போயி ரெண்டு கையும் வச்சு, நடுவர் ஒத்துக்கிட்டா அந்த ப்ராப்ளம் முடிஞ்சுது. அப்புறம் நீ அதக் கட்டிப்பிடிச்சு அழுதாக்கூட யாரும் எண்ண மாட்டாங்க."

"பாதியில விழுந்தா?"

"விழுந்தா தொடக்கூடாது. தொட்டா அதுவும் ஒண்ணு. ஏறி முடிக்கணும், இல்ல நேரம் முடியணும். அதுக்கப்புறம்தான் ஒன் கருப்பரு."

எனக்கு அது சுலபமாகத் தெரியவில்லை. இதுவரை அவள் முதலிலேயே கேட்டுக்கொண்டு, பாரமில்லாமல் ஏறினாள். இனி மிதித்துவிட்டு, மன்னிப்பைப் பாக்கி வைத்துக்கொண்டு ஏற வேண்டும். விழுந்தால் அந்தப் பாக்கியோடு எழுந்து நிற்க வேண்டும். இதை அவளிடம் கேட்டேன்.

"ஆமா" என்றாள். "அதனாலதான் ஏறி முடிக்கணும்."

பெங்களூரில் அதே அரங்கு, அதே நடுவர் அம்மா. அழகி முதல் சுவரின் முன்னால் வந்து நின்றாள். பொடியைக் கையில் தேய்த்தாள். எனக்குக் "கை!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் கைகள் இரண்டும் தொடையோரம் தொங்கின, விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. நடுவரின் விரல் டேப்லெட்டுக்கு மேலே காத்திருந்தது. அழகி சுவரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு தொடங்கும் பிடியில் இரண்டு கையையும் வைத்து, காலைத் தூக்கி, அந்த முதல் பிடியில் வைத்தாள்.

கால் நின்றது.

மேலே போனாள். கடைசிப் பிடியைப் பிடித்தாள். நடுவர் கை தூக்கினார். அழகி மெத்தையில் குதித்தாள். போய்விடவில்லை. திரும்பி, குனிந்து, அந்தப் பிடியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் அசையவில்லை. அழகி எங்கள் பக்கம் திரும்பியபோது இமைகள் வெள்ளையாக இருந்தன.

இரண்டாவது சுவரில் உச்சிக்குப் பக்கத்தில் போய் விழுந்தாள். எழுந்தவுடனே அவள் கை தானாக முதல் பிடியை நோக்கிப் போனது. கை பிடிக்கு ஒரு சாண் தூரத்தில், காற்றில், அப்படியே நின்றது. அவள் அதைத் தானே பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல. பிறகு மெதுவாகப் பின்னால் இழுத்து, பொடிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். மறுபடி ஏறினாள். முடித்தாள். இறங்கி வந்து தொட்டபோது, முதல் முறையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கை அங்கேயே இருந்தது.

மூன்றாவதை ஒரே முயற்சியில் முடித்தாள்.

நான்காவது யாருக்கும் பிடிபடவில்லை. அவளும் ஏறி ஏறி விழுந்தாள். ஒவ்வொரு முறை விழுந்தபோதும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். அது வேண்டுதலா வசவா என்று தெரியவில்லை. பிறகு கேட்டேன். "இரு, வாரேன்னு சொன்னேன்" என்றாள். மணி அடித்தது. நேரம் முடிந்தது. மற்றவர்களெல்லாம் அந்தச் சுவரில் தோற்றுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அழகி மட்டும் போய், முடிக்க முடியாத அந்தச் சுவரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்களுக்கு முன் வரிசையில் இருந்த ஒரு மணிப்பூர்ப் பெண் அதைப் பார்த்துப் பக்கத்துத் தோழியிடம் ஏதோ கேட்டாள். தோழி உதட்டைப் பிதுக்கினாள்.

இரண்டு போட்டியையும் சேர்த்துப் பட்டியல் போட வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார். நான் கொண்டுபோயிருந்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன். அழகி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பலகையில் ஆறாவது பெயர் அவளுடையது.

மேடம் கத்திய கத்தலில் ஒரு காவலர் திரும்பிப் பார்த்தார். அழகி கத்தவில்லை. பெயரை ஒரு முறை வாய்க்குள் படித்தாள், வேறு யாருடைய பெயரோ என்று சரிபார்ப்பதைப் போல. இது முகாம்தான். முகாமிலிருந்து ஆசிய விளையாட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் குறைவு. அங்கே இதைவிடப் பெரிய சுவர்கள் இருக்கும். அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அரங்கின் கூரைக்கு மேலே நிறைய வானம் இருப்பது போல எனக்குத் தோன்றியது.

அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஆடுகள் கத்தின.

"அப்பா, நான் அழகி பேசுறேன்."

"சொல்லு ஆத்தா. எறங்கும்போது தொட்டியா?"

"தொட்டேம்பா."

"நாலுலயுமா?"

"நாலுலயும். ஒண்ணுல ஏற முடியல. அதையும் தொட்டுட்டேன்."

"அதத்தான் மொதல்ல தொடணும்" என்றார் மாமா. "சரி ஆத்தா, ஆடு கடலையில எறங்கிருச்சு. வச்சிடறேன்."

போன் நின்றது. அழகி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பேரு வந்துச்சான்னு கேக்கவே இல்ல பாருங்க மனுசன்."

இமைகளில் பொடி இன்னும் இருந்தது. நான் எப்போதும் போலக் கைக்குட்டையை எடுத்தேன். பிறகு துடைக்காமல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.